சட்டத்துக்குள் மங்கும் கப்பல்

கெட்டிக்காரர் ஒருவரை, ‘அவன் பெரிய எம்டன்’ என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைப் பீரங்கியால் தாக்கிய அது, அக்டோபர் 28 அதிகாலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். நான்கு புகைபோக்கிகள் கொண்ட பிரிட்டிஷ் கப்பல்போல் தோன்றுவதற்காகப் போலியாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அன்று நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் ஜெம்சுக் மூழ்கியது. அதன் மாலுமிகளின் கல்லறை ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கிறது.

புகைபோக்கிகள் எத்தனை, பீரங்கிகள் எங்கே என்று எண்ணித்தான் பழைய படத்தில் உள்ள கப்பலை அடையாளம் காண்கிறார்கள். படம் மங்கினால் அந்தச் சான்றும் போய்விடும். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் படம் பத்திரம் என்று நினைக்கிறோம். பினாங்கின் ஈரக்காற்றில் அது மட்டும் போதாது.

ஏன்? பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலானவற்றில் கறுப்பாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள்கள். அவற்றைத் தாளின்மேல் பிடித்துவைப்பது ஜெலட்டின் என்னும் புரதம். ஈரத்தை உறிஞ்சினால் ஜெலட்டின் உப்பிப் பிசுபிசுக்கும், கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பூஞ்சைக்கும் அது நல்ல உணவு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்தால், கறுப்பு பழுப்பு மஞ்சளாக மாறும். சட்டத்தின் பின்னால் வைக்கும் மலிவான அட்டையும் நாளடைவில் அமிலத்தை வெளியிட்டுத் தாளைக் கெடுக்கும்.

இதைத் தடுக்க என்ன செய்யலாம்? படத்தைச் சுற்றி நடுவில் திறப்புள்ள அட்டை ஒன்றை வைத்தால், படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி கிடைக்கும். எல்லா அட்டைகளும் அமிலமற்றவையாக இருக்கட்டும். வெயில் படும் இடத்திலும் ஈரம் கசியும் சுவரிலும் மாட்ட வேண்டாம். இன்னும் நல்ல வழி, மூலப்படத்தை ஸ்கேன் செய்து, நகலைச் சுவரில் மாட்டிவிட்டு, மூலத்தை உலர்ந்த இருட்டான இடத்தில் வைப்பது.

படம் ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள். வெள்ளித் துகள்கள் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி வழியாகவே ஒரு படம் எடுத்துவிட்டு, அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பாதுகாக்கும் நிபுணரிடம் கேளுங்கள்.

இந்த வாரம் உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ மாட்டியிருக்கும் பழைய படம் ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து உற்றுப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஈரம் படர்ந்ததுபோல் பளபளக்கும் திட்டுகள் தெரிகின்றனவா? அங்கே படம் ஒட்டத் தொடங்கிவிட்டது. உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.