தூரதேசப் பிரயாணமும் விமான ஆசனமும்

எமது ஊர்ப் புகைவண்டி நிலையங்களிலே, வண்டி வந்து நிற்குமுன்னரே யன்னலூடாகக் கைக்குட்டையை எறிந்து இடம்பிடிக்கும் சாமர்த்தியசாலிகள் பலரை நாம் கண்டிருக்கின்றோம். மூலை ஆசனம் ஒன்று வாய்த்துவிட்டால், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையிலான பிரயாணமும் ஒரு களைப்பாகத் தோன்றுவதில்லை. ஆனால், ஆகாய விமானத்திலே இந்த வித்தை பலிப்பதில்லை. அங்கே ஆசனத்துக்கான போட்டி, பிரயாணி வீட்டிலிருந்து புறப்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஓசையின்றி நடந்து முடிந்துவிடுகின்றது. இதனை அறியாதவர், கட்டுநாயக்காவிலே வரிசையில் நின்று, எஞ்சிக் கிடந்த நடு ஆசனத்தைப் பெற்று, இரு தோள்களையும் ஒடுக்கியபடி பதினொரு மணித்தியாலம் இருந்து இலண்டன் சேர்கின்றார்.

1952 ஆம் ஆண்டிலே பிரித்தானிய விமானக் கம்பனியின் கொமெற் என்னும் விமானம் இலண்டனிலிருந்து கொழும்புக்கு வரத் தொடங்கியபோது, அதில் அமர்ந்து வந்தவர் 36 பேர் மாத்திரமே. அக்காலத்தில் விமானப் பிரயாணம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. 1958 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திர மார்க்கத்திலே ‘எக்கொனமி’ எனப்படும் சிக்கன வகுப்பு ஏற்பட்டது. 1970 இல் போயிங் 747 என்னும் பெருவிமானம் சேவைக்கு வந்தபின், சாதாரண குடும்பத்தவரும் கடல் கடந்து பறத்தல் சாத்தியமாயிற்று. கட்டணம் குறைந்தது; கூடவே காலுக்குரிய இடமும் குறைந்தது. இன்று ஒரே விமானத்தில் முந்நூறு பேர் நெருங்கி அமர்கின்றனர். இந்த நெருக்கத்திலும் எல்லா ஆசனங்களும் சமமானவையல்ல என்பதே இக்கட்டுரையின் பொருள்.

யாருக்காக இந்த ஆராய்ச்சி?

இருபது வயது மாணவன் ஒருவன் எந்த ஆசனத்திலிருந்து போனாலும், இறங்கி இரண்டு நாளில் அதை மறந்துவிடுவான். ஆனால், நம் குடும்பங்களிலே இன்று அதிகமாகத் தூரதேசப் பிரயாணம் செய்பவர் யார்? இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் மக்களிடம் செல்லும் தாய் தந்தையரே. முழங்கால் வலியோடும், நீரிழிவு முதலிய நோய்களோடும், மொழி தெரியாத தயக்கத்தோடும், தனியே புறப்படும் எழுபது வயதுத் தாயார் ஒருவரை நினைத்துப் பாருங்கள். யன்னலோரத்திலே இருத்தப்பட்ட அவர், பக்கத்தில் உறங்கும் அந்நியர் இருவரை எழுப்ப நாணி, தண்ணீர் குடியாமலும் எழுந்து நடவாமலும் இரவு முழுவதும் இருந்துவிடுவார்.

இது வெறும் அசௌகரியம் மாத்திரமன்று. 2007 இல் உலக சுகாதார தாபனம் வெளியிட்ட ஆராய்ச்சி முடிவின்படி, நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தின் பின், கால் நாளங்களில் இரத்தம் கட்டிபடும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகின்றது. அசையாது நெடுநேரம் இருத்தலே இதற்கு முக்கிய காரணம். ஆறாயிரம் பேரில் ஒருவருக்கே இது நேரக்கூடும் என்று அதே ஆராய்ச்சி கூறுவதால், பயங்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், முதியோர்க்கு எழுந்து நடக்க வசதியான ஆசனம் வேண்டும் என்பதற்கு இதனிலும் வேறு நியாயம் வேண்டுவதில்லை.

முதலில் விமானத்தை அறிக

ஆசனத்தைத் தெரிவதற்கு முன் விமானம் எவ்வகையினது என்று அறிதல் வேண்டும். பயணச்சீட்டிலே அது குறிக்கப்பட்டிருக்கும். எயர்பஸ் 330 விமானத்தில் ஒரு வரிசைக்குப் பொதுவாக எட்டு ஆசனங்கள்: யன்னல் பக்கங்களில் இவ்விரண்டும், நடுவில் நான்கும். போயிங் 777 விமானத்தில் இன்று பெரும்பாலான கம்பனிகள் பத்து ஆசனங்களை மூன்று, நான்கு, மூன்று என அமைத்துள்ளன. எயர்பஸ் 350, போயிங் 787 ஆகியவற்றில் மும்மூன்றாக ஒன்பது. எட்டு ஆசன 330 இல் ஆசனத்தின் அகலம் ஏறக்குறைய 18 அங்குலம். பத்து ஆசன 777 இல் ஏறக்குறைய 17 அங்குலம். ஓர் அங்குலந்தானே என்று எண்ணற்க. பதினான்கு மணித்தியாலம் தோளோடு தோள் உரச இருப்பவர்க்கு அந்த ஓர் அங்குலத்தின் பெறுமதி விளங்கும்.

விமானத்தினுள்ளே காற்றின் அழுத்தமும் நிலத்திலிருப்பதுபோல் இராது. பழைய வகை விமானங்களில் அது 8,000 அடி உயரமான மலையில் இருப்பது போன்ற நிலைக்குக் குறையலாம். அதாவது, நமது பீதுறுதாலகால மலையின் உச்சியை அண்மிய நிலை. எயர்பஸ் 350, போயிங் 787 ஆகிய புதிய வகைகளில் அது 6,000 அடி அளவில், நுவரெலியா நகரில் இருப்பது போல, பேணப்படுகின்றது. ஒரே கட்டணத்தில் இருவகை விமானங்களும் கிடைக்குமாயின், முதியோர்க்குப் புதியதே மேல்.

யன்னலா, நடைவழியா?

உறங்க விரும்புவோர்க்கும், குழந்தையின் கவனத்தைக் கவர விரும்புவோர்க்கும் யன்னலோரம் நன்று. தலை சாய்க்கச் சுவர் உண்டு, எவரும் எழுப்பமாட்டார். அடிக்கடி எழுபவர்க்கும் நீண்ட காலுடையோர்க்கும் நடைவழி ஓரமே உகந்தது. எயர்பஸ் 330, போயிங் 777 ஆகிய இரண்டிலும் பல கம்பனிகள் சீ, டீ, ஜீ, எச் என்னும் எழுத்துக்களையே நடைவழி ஆசனங்களுக்கு இட்டுள்ளன. இந்நான்கையும் நினைவில் வைத்தால் வரைபடம் பார்க்கத் தெரியாதவரும் ஏமாறமாட்டார்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பத்து ஆசன விமானத்தில், யன்னல் பக்கத்து மூன்றினுள் நடைவழியில் இருப்பவரை உள்ளேயுள்ள இருவர் எழுப்புவர். நடுவிலுள்ள நான்கினுள் ஓரத்தில் இருப்பவரையோ பெரும்பாலும் ஒருவரே எழுப்புவார். மற்றவர் மறுபக்கத்தால் இறங்கிவிடுவார். ஆதலால், தனியே செல்லும் முதியவர்க்கு நடுத்தொகுதியின் ஓர ஆசனமே சாலச் சிறந்தது. கணவனும் மனைவியுமாய்ச் செல்வோர்க்கு எயர்பஸ் 330 இன் யன்னல் பக்கத்து இரட்டை ஆசனத்துக்கு நிகரானது வேறில்லை.

யன்னல் தெரிவோர் சூரியனையும் எண்ணிப் பார்த்தல் நலம். பிற்பகலில் இங்கிருந்து வடமேற்கே இலண்டனை நோக்கிப் பறக்கும்போது வெயில் இடப்பக்கத்தில் விழும், வலப்பக்கம் நிழலாயிருக்கும். இரவு அங்கிருந்து புறப்பட்டுத் தென்கிழக்காக வருபவர்க்கு உதயசூரியன் இடப்புறமாகவே தோன்றுவான். விடியலைக் காண விரும்புவோர் இடப்பக்கம் அமர்க. விடிந்தபின்னும் உறங்க விரும்புவோர் வலப்பக்கம் அமர்க.

முன்னா, நடுவா, பின்னா?

விமானம் காற்றிலே குலுங்கும்போது, தராசுக் கோல் போல, நடுப்பகுதி குறைவாகவும் வாற்பகுதி அதிகமாகவும் அசையும். தலைசுற்றும் வாந்தியும் உடையோர் இறக்கைக்கு நேரே இருத்தல் வேண்டும். ஆனால் அங்கிருந்து நிலத்தைப் பார்க்க இயலாது, இறக்கை மறைத்துவிடும். எந்திரத்தின் இரைச்சலுக்கு அஞ்சுவோர் இறக்கைக்கு முன்னேயுள்ள வரிசைகளை நாடுக. அடுத்த விமானம் பிடிக்க விரைவோர்க்கும் முன்வரிசைகளே உதவும்.

பின்பகுதியை முற்றாக வெறுக்கவும் வேண்டா. வாலை நோக்கி விமானத்தின் உடல் ஒடுங்குவதால், சில விமானங்களில் கடைசிச் சில வரிசைகளில் யன்னல் பக்கத்து மூன்று ஆசனங்கள் இரண்டாகிவிடும். அங்கே சுவருக்கும் ஆசனத்துக்கும் இடையே கைப்பை வைக்கவும் இடம் எஞ்சும். ஆனால், ஆகக் கடைசி வரிசையைத் தவிர்த்தல் வேண்டும். அதன் முதுகு பல விமானங்களில் நன்கு சாயாது. மலசலகூடத்துக்குக் காத்து நிற்பவர் கூட்டமும், உணவறையின் ஒளியும் ஓசையும் நித்திரையைக் கெடுக்கும். முதியோர்க்கு மலசலகூடம் அண்மையில் இருத்தல் அவசியமே. எனினும் அதனையொட்டிய வரிசையை விட்டு, நான்கைந்து வரிசை தள்ளி அமர்தலே நன்று.

காலிடம் மிகுந்த ஆசனங்கள்

தடுப்புச் சுவருக்கு நேரே அமைந்த முதல்வரிசையும், அவசர வாயிலுக்கு அருகிலுள்ள வரிசையும் காலிடம் மிகுந்தவை. இவற்றை எல்லாரும் விரும்புவர்; ஆனால், இவை எல்லார்க்கும் ஏற்றனவல்ல. தடுப்புச் சுவர் வரிசையிலேதான் கைக்குழந்தைகளின் தொட்டில் மாட்டப்படும். குழந்தையுடன் செல்லும் தாய்க்கு அது வரப்பிரசாதம். அயலிலிருந்து உறங்க முயல்பவர்க்கு அவ்வாறன்று. அங்கே உணவுப் பலகை கைப்பிடியினுள் மடிக்கப்பட்டிருப்பதால் கைப்பிடியை உயர்த்த முடியாது; இருக்கையும் சற்று ஒடுங்கியிருக்கும். விமானம் எழும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்க விடார்.

அவசர வாயிலோர ஆசனமோ ஒரு வசதி மாத்திரமன்று; ஒரு பொறுப்பும் ஆகும். ஆபத்து நேரத்தில் கட்டளையை விளங்கிக்கொண்டு கதவைத் திறக்கத்தக்க உடல் வலிமையுள்ளவரையே அங்கு அமர்த்துவர். சிறுவர், கர்ப்பிணிகள், உதவியின்றி நடக்க இயலாதோர் ஆகியோர்க்கு அது கிடையாது. “அம்மாவுக்குக் கால் வலி, கூடுதல் பணம் கொடுத்து அந்த இடத்தை எடுத்துவிட்டோம்” என்று பிள்ளைகள் மகிழ்ந்திருக்க, விமானத்தில் ஏறியபின் அவரை எழுப்பி வேறிடத்தில் இருத்துதல் நேரக்கூடும்.

பெறும் வழி

பயணச்சீட்டு வாங்கும்போதே ஆசனத்தைக் கேட்டல் முதல் வழி. மிகக் குறைந்த கட்டணச் சீட்டுகளில் ஆசனத் தெரிவுக்குத் தனிப்பணம் அறவிடுவர். கொடுக்கத்தான் வேண்டுமா? தனியே செல்லும் இளைஞர்க்கு வேண்டியதில்லை. முதியவர்க்கும் நோயாளர்க்கும் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தல் உண்மையான சிக்கனமன்று. துபாய் வழியாக ரொறன்ரோ செல்பவர் இரு விமானங்களுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. முதற்கட்டம் நாலரை மணித்தியாலமளவே. இரண்டாங் கட்டமோ ஏறக்குறைய பதினான்கு மணித்தியாலம். பணத்தை நெடுங்கட்டத்துக்கே செலவிடுக.

பணம் கொடுக்க விரும்பாதோர், புறப்படுமுன் 48 அல்லது 24 மணித்தியாலத்தில் இணையத்திலே பதிவு தொடங்கும் நேரத்தைக் குறித்து வைத்து, அந்த நிமிடமே ஆசனத்தைத் தெரிவாராக. அவ்வேளையில் பல நல்ல ஆசனங்கள் விடுவிக்கப்படும். சீட்டை வாங்கிய பிள்ளை கனடாவில் இருந்தால், ஆறெழுத்துப் பதிவு இலக்கத்தை ஊரிலுள்ள ஒருவருக்கும் அனுப்பிவைத்தல் வேண்டும். கம்பனி விமானத்தை மாற்றினால் முன்பு பெற்ற ஆசனமும் மாறிவிடலாமாதலால், முதல் நாள் மீண்டும் பார்த்துக்கொள்ளுதல் அவசியம். சக்கர நாற்காலி உதவியையும் குழந்தைத் தொட்டிலையும் முன்கூட்டியே கேட்டுப் பதிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் பின்னும், விமான நிலையத்தில் பணிவுடன் ஒருமுறை கேட்டுப் பார்த்தலில் குறைவொன்றுமில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் அன்றோ!

ஆசனமும் அயலவரும்

நல்ல ஆசனம் பெற்றவர்க்கு நல்லொழுக்கமும் வேண்டும். முதுகைச் சாய்க்குமுன் பின்னே ஒருமுறை பார்க்க. உணவு வேளையில் நிமிர்ந்திருக்க. நடுவில் அகப்பட்டவர்க்கு இருபக்கக் கைப்பிடிகளையும் விட்டுக்கொடுத்தல் பண்பு. குடும்பத்தவர் ஒன்றாயிருக்க வேண்டி இன்னொருவரை இடம் மாறக் கேட்பதாயின், அவருடையதற்கு ஒப்பான அல்லது மேலான ஆசனத்தையே கொடுக்க வேண்டும். அவர் மறுத்தால் மனம் நோகலாகாது. அவரும் பணங்கொடுத்துத் தெரிந்திருக்கலாம்.

முதியோரை அனுப்பிவைக்கும் வாசகர்களுக்கு இன்னும் ஒரு சொல். ஆசன இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பல விமானங்களில் நடைவழிக் கைப்பிடியின் அடியில், பின்புறமாக, ஒரு சிறு விசை உண்டு. அதை அழுத்தினால் கைப்பிடி மேலே எழும்பும், முழங்கால் நோகாமல் வெளியே வரலாம். தாமாக அது தெரியாவிடின் விமானப் பணிப்பெண்ணிடம் கேட்கச் சொல்லுங்கள். தண்ணீர் கேட்பதும், எழுந்து நடப்பதும், அயலவரை எழுப்புவதும் கட்டணம் செலுத்திய பிரயாணியின் உரிமையே என்று வீட்டிலேயே எடுத்துரையுங்கள். பெற்றோரைக் காண ஆவலோடு காத்திருக்கும் பிள்ளைகள், அவர்கள் வந்து சேரும் நாளை எண்ணுவதோடு நில்லாது, வந்து சேரும் விதத்தையும் எண்ணுவார்களாக.