அறுவடைக்கு முன் எடுக்கும் முடிவுகள்



கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் இயேசு கற்பித்தார் (லூக் 14:28-30). உட்கார்ந்து கணக்கிட மன அமைதி வேண்டும். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது அந்த அமைதி எங்கிருந்து வரும்?

கரும்பு உழவர்கள் தந்த பாடம்

மனிதர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை ஆராயும் அறிஞர்கள் இக்கேள்வியோடு நம் தமிழகத்துக்கே வந்தார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் ஆகியோர் அடங்கிய குழு ஆய்வு செய்தது. முடிவு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது.

கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். அறுவடைக்கு முன் நகை அடகுக்குப் போகும்; அறுவடை முடிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். இந்த இரு வேளைகளிலும் அதே உழவர்களுக்குச் சிந்தனைத் திறனையும் கவனத்தையும் அளக்கும் தேர்வுகள் வைக்கப்பட்டன. அறுவடைக்கு முன் மதிப்பெண் குறைந்தது, பின் கூடியது. ஆளும் படிப்பும் மாறவில்லை. பணக்கவலை மனத்தை நிறைத்துக்கொண்டதே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர்.

"யோசிக்காமல் செலவு செய்வதால்தான் அவர்கள் ஏழைகள்" என்று எளிதாகத் தீர்ப்பிடும் நமக்கு இது ஓர் எச்சரிக்கை. தாமல், உத்திரமேரூர் போன்ற ஏரிப்பாசன ஊர்களிலும் கையில் காசில்லாத மாதங்கள் உண்டு. திருவிழா வரியை அறுவடைக்குப் பின் வாங்கலாம். உதவி கேட்போரிடம் நீண்ட படிவங்களை நீட்டாமல் இருக்கலாம். கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் ஓரிரவு பொறுத்து, அன்பியத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கலந்து பேசலாம்.

ஆய்வின் எல்லைகள்

எல்லா ஆய்வும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. உளவியல் ஆய்வுகள் நூற்றை மீண்டும் செய்து பார்த்தபோது பாதிக்கும் குறைவானவையே அதே முடிவைத் தந்தன என்று 2015-இல் அறிவிக்கப்பட்டது. மேலும், ஆய்வு பலருடைய சராசரியைச் சொல்லும். நம்முன் நிற்கும் ஒருவரின் உள்ளத்தைச் சொல்லாது.

இன்னொரு எல்லையும் உண்டு. உத்திரமேரூர்க் கோவில் கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையை விவரிக்கின்றன. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் தேர்வுக்கு வர முடியாது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது ஒரு சிறுவன். மனித மனம் சாயும் என்றறிந்து செய்த ஏற்பாடு! திருத்தூதர்களும் சீட்டுக் குலுக்கியே மத்தியாவைத் தேர்ந்தார்கள் (திப 1:26). ஆனால் உத்திரமேரூரில் நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவரின் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. முறை நன்றாக இருந்தாலும் நீதி தானாக வந்துவிடாது. எப்படித் தேர்கிறோம் என்பதை ஆய்வு காட்டும். எது நல்லது என்பதை இறைவன்முன் மனச்சான்றே கேட்க வேண்டும்.

இஞ்ஞாசியார் காட்டும் வழி

1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஏற்பளித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் புனித இஞ்ஞாசியார், உள்ளம் வறண்டு கலங்கும் வேளையில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதீர்கள் என்கிறார். முன்பின் தெரியாத ஒருவருக்கு இதே நிலையில் என்ன அறிவுரை சொல்வோம், இறக்கும் வேளையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவோம் என்று எண்ணிப் பார்க்கவும் சொல்கிறார்.

அன்பார்ந்தவர்களே, நம் முடிவுகளைச் செபத்தில் வைப்போம். பிறர் தவறான முடிவெடுத்ததைக் காணும்போது, அவர் எந்தச் சுமையோடு அதை எடுத்தார் என்று முதலில் கேட்போம். அந்தச் சுமையில் ஒரு பங்கை நாமும் தாங்குவோம். தூய ஆவியார் நமக்கு ஞானம் அருள்வாராக!