மறதியின் தொடக்க நிலையில் உடற்பயிற்சியும் மூளைப் பயிற்சியும்

நினைவாற்றல் பரிசோதனை முடிந்து, அறிக்கையில் ‘லேசான அறிதிறன் குறைபாடு’ என்னும் சொற்களைக் காணும் குடும்பத்தினர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பர். இது டிமென்ஷியா என்னும் மறதிநோயா? இதனைக் குணப்படுத்த மாத்திரை உண்டா? முதற்கேள்விக்கு விடை, இல்லை என்பதே. இரண்டாவதற்கும் இப்போதைக்கு அவ்வாறே கூற வேண்டியுள்ளது. மறதிநோய்க்கு வழங்கப்படும் வழக்கமான மாத்திரைகள் இந்நிலையில் பயன் தருவதாக நிறுவப்படவில்லை. அல்சைமர் நோயின் தொடக்கம் என்று தனிப் பரிசோதனைகளால் உறுதிசெய்யப்பட்ட சிலருக்கு மட்டும் சில நாடுகளில் புதிய மருந்துகள் வழங்கப்படுகின்றன. அவையும் நோயின் வேகத்தை ஓரளவு குறைப்பனவே தவிர, குணப்படுத்துவன அல்ல.

ஆயினும், ‘அப்படியானால் நாங்கள் செய்யக்கூடியது என்ன?’ என்னும் மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. ஒழுங்கான உடற்பயிற்சியும், அதனுடன் இணைந்த மூளைப் பயிற்சியுமே அந்த விடை.

லேசான அறிதிறன் குறைபாடு என்பது என்ன?

நினைவு, கவனம், திட்டமிடல், சொற்களைத் தேடி எடுத்தல் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ, வயதுக்கு இயல்பான அளவைவிடக் கூடுதலாகத் தளர்ந்திருக்கும் நிலை இது. ஆனால் இந்நிலையில் உள்ளவர் தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்வார். வங்கிக்குச் செல்வார், சமைப்பார், பேருந்தில் பயணம் செய்வார். சற்றுக் கூடுதல் நேரமும் முயற்சியும் தேவைப்படலாம். மறதிநோயில் இந்தத் தற்சார்பு குறைந்துவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே.

அமெரிக்க நரம்பியல் கழகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 60 முதல் 64 வயதுடையோரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கும், 80 முதல் 84 வயதுடையோரில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினருக்கும் இக்குறைபாடு காணப்படுகிறது. இக்குறைபாடுடைய 65 வயதைக் கடந்தோரை ஈராண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, சுமார் 15 விழுக்காட்டினருக்கு மறதிநோய் ஏற்பட்டது. ஏனையோரில் பலர் அதே நிலையில் நீடித்தனர். சிலர் இயல்பு நிலைக்கும் திரும்பினர். எனவே இந்த அறிக்கை ஓர் எச்சரிக்கை, தீர்ப்பு அன்று.

பயிற்சிக்கு முன்னர்

சரிசெய்யக்கூடிய காரணங்கள் உள்ளனவா என்று முதலில் ஆராய வேண்டும். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கேட்புத்திறன் குறைவு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவை நினைவைப் பாதிக்கும். தூக்க மாத்திரைகளும், ஒவ்வாமைக்கும் சளிக்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகளும் அவ்வாறே. ஆகவே வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் இட்டு மருத்துவரிடம் கொண்டு வந்து காட்டுங்கள். இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைப்பது மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் காக்கும்.

உடற்பயிற்சியே அடித்தளம்

மேற்கூறிய 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இக்குறைபாடுடையோர்க்கு வாரம் இருமுறை உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டும் என்று மருத்துவர்களை அறிவுறுத்தியது. பயிற்சியின்போது இதயம் கூடுதல் இரத்தத்தை மூளைக்கு அனுப்புகிறது. நரம்பணுக்களின் வளர்ச்சிக்குத் துணைபுரியும் புரதங்களும் சுரக்கின்றன. அமெரிக்காவில் மறதிநோய் இல்லாத 120 முதியோரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில், ஓராண்டு காலம் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை வேகமாக நடந்தோரின் ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவுப் பகுதி சுமார் 2 விழுக்காடு பெருத்திருந்தது. தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தோர்க்கு அப்பகுதி சற்றே சுருங்கியிருந்தது.

நடை மட்டுமன்றித் தசை வலுவூட்டும் பயிற்சியும் முக்கியமானது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், லேசான அறிதிறன் குறைபாடுடைய 100 பேர் ஆறு மாதம் பயிற்சி பெற்றனர். எடைப் பளுவைப் படிப்படியாகக் கூட்டிச் செய்தவர்களின் ஒட்டுமொத்த அறிதிறன் மேம்பட்டது. ஒன்றரை ஆண்டு வரை அந்நன்மை நீடித்தது. அதே ஆய்வில் கணினிவழி மூளைப் பயிற்சி மட்டும் தந்த நன்மை அந்த அளவுக்கு இல்லை.

இரண்டும் இணையும்போது

கனடாவில் 175 பேரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, இரண்டு பயிற்சிகளையும் இணைத்துப் பார்த்தது. 20 வாரங்கள், வாரம் மூன்று முறை, முதலில் அரைமணி நேரம் கணினிவழி மூளைப் பயிற்சியும், அதன்பின் ஒரு மணி நேரம் நடை, தசைப் பயிற்சி ஆகியவையும் அளிக்கப்பட்டன. உடற்பயிற்சி செய்த எல்லாக் குழுவினரின் அறிதிறன் மதிப்பெண்களும், மென்மையான சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தோரின் மதிப்பெண்களைவிட மேம்பட்டன. மூளைப் பயிற்சியும் சேர்ந்தபோது பயன் மேலும் கூடியது. சிலருக்கு அளிக்கப்பட்ட வைட்டமின் டி மாத்திரையால் கூடுதல் பயன் ஏதும் விளையவில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் எளிது. உடலை அசைக்காமல் நாற்காலியில் அமர்ந்து புதிர்களை மட்டும் விடுவிப்பது போதாது. உடற்பயிற்சி அடித்தளம், மூளைப் பயிற்சி அதன்மேல் எழுப்பும் சுவர். அதே சமயம், இப்பயிற்சிகள் மறதிநோயைத் தடுத்துவிடும் என்று இவ்வாய்வுகள் நிறுவவில்லை. இருக்கும் திறனைக் காத்து, சிறிது உயர்த்த இயலும் என்பதே அவை காட்டுவது.

வீட்டில் செய்யும் முறை

நடை: வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே சரியான வேகம். தொடக்கத்தில் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

தசை வலு: வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி நிற்றல், தண்ணீர் நிரப்பிய பாட்டிலை உயர்த்துதல் ஆகியவற்றைப் பத்து முறை வீதம் செய்யலாம். எளிதானவுடன் எண்ணிக்கையையோ எடையையோ கூட்ட வேண்டும்.

சமநிலை: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை வைத்து நிற்றல். அருகில் ஒருவர் இருப்பது நல்லது.

மூளைப் பயிற்சி: நாளொன்றுக்கு 20 முதல் 30 நிமிடம். செய்தித்தாளில் ஒரு செய்தியைப் படித்து, தாளை மடித்துவிட்டு அதனைச் சொல்லிக் காட்டுதல். கடைக்குச் செல்லும்போது பட்டியலைப் பையில் வைத்துக்கொண்டு, நினைவிலிருந்தே பொருள்களை எடுத்து, இறுதியில் சரிபார்த்தல். மாதச் செலவை மனக்கணக்காகக் கூட்டுதல். பழகாத சிக்குக் கோலத்தையோ புதிய பாடலையோ கற்றல். பல்லாங்குழி, சதுரங்கம், குறுக்கெழுத்து ஆகியன. இவை ஆய்வுக்கூடப் பயிற்சிகள் அல்ல. ஆனால் அவற்றின் அடிப்படை விதி இவற்றுக்கும் பொருந்தும். சற்றே கடினமாக இருக்க வேண்டும்; எளிதாகிவிட்டால் அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் பழகிய கோலம் பொழுதுபோக்கு. புதிய கோலமே பயிற்சி.

நடை உறுதியானபின், சமதளத்தில் நடந்தபடியே காய்கறிகளின் பெயர்களை அடுக்கிச் சொல்லுதல், நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்தல் ஆகியவற்றை முயலலாம். தள்ளாடுவோர் இதனைத் தவிர்க்க வேண்டும். சாலையில் ஒருபோதும் செய்யலாகாது.

கைப்பேசிச் செயலிகள் தேவையா? விரும்பினால் பயன்படுத்தலாம், பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. தன் விளையாட்டுகள் முதுமையின் அறிவுத் தளர்ச்சியைத் தடுக்கும் என்று போதிய சான்றின்றி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம், அமெரிக்க அரசு ஆணையத்தின் நடவடிக்கைக்குப் பின் 2016இல் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது என்பதை நினைவிற்கொள்க.

பாதுகாப்பு

இதயநோய், மூட்டுவலி, அண்மையில் விழுந்த அனுபவம் ஆகியவை உள்ளோர் மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே தொடங்க வேண்டும். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்போர் வெறும் வயிற்றில் நடக்கலாகாது. சர்க்கரையோ மிட்டாயோ உடன் வைத்திருக்க வேண்டும். வெயில் தணிந்த நேரமே உகந்தது. நெஞ்சுவலி, மயக்கம், அளவுமீறிய மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி உதவி நாடுங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

அன்பின் மிகுதியால் குடும்பத்தினர் செய்யும் ஒன்று, எல்லா வேலைகளையும் தாமே எடுத்துக்கொள்வது. ‘நீங்கள் உட்காருங்கள் அப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நாள்தோறும் சொல்லப்படுபவர், தம்மால் இயன்றவற்றையும் மெல்ல இழக்கிறார். அவர் செய்யக்கூடிய வேலையை அவரிடமே விடுங்கள், தாமதமானால் காத்திருங்கள். ‘நேற்றுத்தானே சொன்னேன்’ என்று கடிவதோ, ‘இது யார் சொல்லுங்கள்’ என்று விருந்தினர் முன் சோதிப்பதோ பயிற்சி ஆகாது. அது தன்னம்பிக்கையைக் குலைக்கும். உடன் நடப்பதும், எதிரே அமர்ந்து காய் நகர்த்துவதுமே சிறந்த துணை. செய்த பயிற்சியை நாட்காட்டியில் அன்றன்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பும் ஒரு நினைவுப் பயிற்சியே.

பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஆகவே சில வாரங்களில் மனம் தளர வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நினைவாற்றல் பரிசோதனையை மீண்டும் செய்துகொள்வது நலம். பழகிய வழி தவறுதல், மருந்துகளை மாற்றி உட்கொள்ளுதல், பணக் கணக்கில் தொடர்ந்து குழப்பம் ஆகியவை தோன்றினால் அடுத்த முறைவரை காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள். வரும்போது அந்த நாட்காட்டியையும் உடன் எடுத்து வாருங்கள்.