வீதியிற் கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடைப்பட்ட ஏ-9 பெருவீதியில் இரவு வேளையில் வாகனம் ஓட்டுவோர் பலரும், பொலிஸ் உத்தியோகத்தரின் கைவிளக்கைக் கண்டதும் மனம் திடுக்கிடுவர். குற்றமொன்றும் செய்யாதவருக்கும் அவ்வேளையில் நாக்குக் குழறுவதுண்டு. அப்போது வாயில் வருவது பெரும்பாலும் பொய்யே. கேட்பவர் கேள்வியை முடிக்குமுன்னரே சாரதி ஒரு கதையைத் தொடங்கிவிடுகிறார்.

இலங்கையில் வீதிப் போக்குவரத்தை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமாகும். பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது. சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்டால் காட்ட வேண்டும். அனுமதிப்பத்திரம் வீட்டில் இருந்தால் வீட்டில் இருக்கிறது என்று சொல்வதே முறை. அதனால் வருவது சிறிய தண்டப்பணம் மட்டுமே. தம்பியின் பெயரைத் தம் பெயராகச் சொல்பவரின் நிலையோ வேறு. பொது ஊழியருக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி தனிக் குற்றமாகும். நீதவான் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை தம்பியின் வீட்டு வாசலுக்கு வரும். சிறு தவறொன்று குடும்பப் பகையாகவும் முடியலாம்.

ஆயினும், உண்மை பேசுவது வேறு, தானே குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. இதனைப் பலர் கருத்திற் கொள்வதில்லை. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க இடந்தருவதில்லை. அச்சுறுத்தலாலும் ஆசைகாட்டலாலும் பெறப்படும் ஒப்புதல்களை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர் போலும்! ஆகவே, "எவ்வளவு வேகத்தில் வந்தீர்?" என்ற கேள்விக்கு, விடை சொல்ல விரும்பாதவர், "அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல விரும்பவில்லை" என்று பணிவாகக் கூறலாம். அது பொய்யன்று, மரியாதைக் குறைவுமன்று. நாற்பதில் வந்ததாகக் கூறுபவரின் பேச்சை வேகமானி பொய்யாக்கிவிட்டால், அதன்பின் அவர் சொல்லும் மெய்யையும் எவரும் நம்பார். வேகத்தைக் கண்டவர் சாட்சி சொல்வார். கருவியின் அளவீடும் இருக்கும். எனவே சாரதியின் ஒப்புதல் இல்லையென்றாலும் வழக்கு நின்றுவிடாது.

பணத்தாளை அனுமதிப்பத்திரத்துள் மடித்து நீட்டும் வழக்கம் எல்லாவற்றினும் தீது. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் வாங்குபவரை மட்டுமன்றிக் கொடுப்பவரையும் குற்றவாளியாக்கிற்று. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டத்திலும் அவ்வாறே. உத்தியோகத்தரே பணம் கேட்டால், தண்டப்பணப் படிவத்தை எழுதித் தருமாறு கேட்கலாம். அந்தத் தொகை உரிய முறையில் அரசாங்கத்துக்குச் செலுத்தப்படுவது. உத்தியோகத்தரின் சட்டைப் பைக்குச் செல்வதன்று. செலுத்திய பற்றுச்சீட்டைக் காட்டினால், பொலிஸார் வைத்துக்கொண்ட அனுமதிப்பத்திரம் திரும்பக் கைக்கு வரும்.