நண்பரை மாட்டிவிட்ட 'ஹீ': ஆங்கில வாக்கியத்தில் நாம் சறுக்கும் இடம்

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, எஸ்.பி.எம். முடித்த கையோடு வேலைக்குப் போனவர். சென்ற ஆண்டு அவருடைய வேலையிடத்தில் வால்வு ஒன்று மூடப்படாமல் எண்ணெய் கொட்டிவிட்டது. இயந்திரத்தை இயக்கிய நண்பருக்குக் காரணம் கோரும் கடிதம் வந்தது. நடந்ததை நேரில் பார்த்தவர் இந்த அண்ணன். நண்பரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து ஆங்கிலத்தில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார்.

அதில் இருந்த முக்கியமான வரி இது: 'தி சூப்பர்வைசர் டோல்ட் தி ஆபரேட்டர் ஹீ ஃபர்காட் டு குளோஸ் தி வால்வ் அண்ட் வெண்ட் ஃபார் பிரேக்.'

வால்வை மூடத் தான் மறந்துவிட்டதாகச் சூப்பர்வைசரே ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு ஓய்வுக்குப் போனார் என்பதுதான் அண்ணன் சொல்ல வந்தது. அலுவலகத்தில் அதைப் படித்தவர்களோ வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். ஆபரேட்டர் வால்வை மூட மறந்துவிட்டு ஓய்வுக்குப் போய்விட்டார், அதைச் சூப்பர்வைசர் அவரிடமே சுட்டிக்காட்டினார் என்று! காப்பாற்றப் போன வாக்குமூலமே நண்பருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இது சாதாரண விஷயம் அல்ல. ஒழுங்கீனத்தைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமென்றால், முதலில் உரிய விசாரணை நடத்த வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அந்த விசாரணையில் மேசைமேல் கிடப்பவை இப்படிப்பட்ட தாள்கள்தாம்.

அந்த வரியைப் பிரித்துப் பார்ப்போம். அதில் சுட்டுப்பெயராக 'ஹீ' வருகிறது. இணைப்புச் சொல்லாக 'அண்ட்' வருகிறது. 'டோல்ட்', 'ஃபர்காட்', 'வெண்ட்' என்று மூன்று இறந்தகால வினைகள் வருகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தவறில்லை. ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் பொருள் புரண்டுவிட்டது.

தமிழில் நமக்குத் 'தான்' என்ற சொல் இருக்கிறது. 'தான் மறந்துவிட்டதாகச் சூப்பர்வைசர் சொன்னார்' என்றால் மறந்தவர் சூப்பர்வைசர். 'அவர் மறந்துவிட்டதாகச் சூப்பர்வைசர் சொன்னார்' என்றால் பெரும்பாலும் இன்னொருவர். பேசியவரையே திரும்பிச் சுட்டும் இந்த வசதி ஆங்கிலத்தின் 'ஹீ'க்குக் கிடையாது. இரண்டு ஆண்கள் வரும் வாக்கியத்தில் அது யாரை வேண்டுமானாலும் குறிக்கும். அண்ணனின் மனத்தில் 'தான்' இருந்தது. தாளில் 'ஹீ'தான் விழுந்தது.

அடுத்தது 'அண்ட்'. 'சொல்லிவிட்டுப் போனார்' என்று தமிழில் எழுதினால் சொன்னவரும் போனவரும் ஒருவரே. 'சொல்லிவிட்டு' என்பது வினையெச்சம். தனியாக நிற்க முடியாமல் முடிக்கும் வினையைத் தேடிப் போகும்; போகும்போது தன் எழுவாயையும் கூடவே கொண்டுபோகும். பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்கான பாடமாகத்தான் தெரிந்தது. ஒருவருடைய வேலையே இதில் தொங்கும் என்று அப்போது யார் நினைத்தது? 'அண்ட்' அப்படிப்பட்டதல்ல. அது இரண்டு வினைகளைச் சமமாகக் கட்டும், அவ்வளவுதான். 'வெண்ட்' என்ற வினையை 'டோல்ட்' உடனும் கட்டலாம், 'ஃபர்காட்' உடனும் கட்டலாம். படிப்பவர் பக்கத்தில் இருப்பதோடுதான் கட்டுவார். மறந்ததும் போனதும் ஒரே ஆள் ஆகிவிடுகிறது.

அண்ணன் என்னைத் தேடி வந்தபோது மாமாக் கடையில் உட்கார்ந்து அந்த வரியை மூன்றாக உடைத்தோம். 'தி சூப்பர்வைசர் செட் டு தி ஆபரேட்டர், ஐ ஃபர்காட் டு குளோஸ் தி வால்வ்' என்பது முதல் வாக்கியம். சூப்பர்வைசர் பேசியதை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டோம். 'தென் தி சூப்பர்வைசர் வெண்ட் ஃபார் ஹிஸ் பிரேக்' என்பது இரண்டாவது. 'தி ஆபரேட்டர் ஸ்டேய்ட் அட் தி மெஷின்' என்பது மூன்றாவது.

"சூப்பர்வைசர் சூப்பர்வைசர்னு எத்தன தடவ எழுதுறது தம்பி? நல்லா இருக்காதே" என்றார் அண்ணன். கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று பள்ளியில் சொல்லித் தந்தது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. கட்டுரைக்கு அது சரி. வாக்குமூலத்தில், காவல் நிலையப் புகாரில், காப்புறுதிக் கடிதத்தில் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவதுதான் பாதுகாப்பு. புதிய தாள் விசாரணைக்குப் போனது. நண்பர் இன்றும் அதே இயந்திரத்தில்தான் வேலை செய்கிறார்.

சுட்டுப்பெயர் தப்பான ஆளைக் காட்டுவது ஒரு பக்கம் என்றால், அது வராமலே போவது இன்னொரு பக்கம். 'மறந்துவிட்டேன்' என்ற ஒரே சொல்லில் ஆள், செயல், காலம் மூன்றும் அடங்கிவிடும். கடைசியில் வரும் 'ஏன்' விகுதியே 'நான்' என்று சொல்லிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் 'ஃபர்காட் ஆல்ரெடி' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். நம் ஊரில் அது எல்லாருக்கும் புரியும். ஆனால் 'ஃபர்காட்' என்ற வினையில் ஆளைக் காட்டும் விகுதி இல்லை. மறந்தது நானா, நீயா, அவளா என்று அது சொல்லாது. அதனால்தான் ஆங்கிலத்தில் எழுவாயைத் தனியாக எழுதியே ஆக வேண்டும்.

இதிலும் இணைப்புச் சொல்லைப் பொறுத்து ஒரு வேறுபாடு உண்டு. 'ஹீ கேம் ஹோம் அண்ட் ஸ்லெப்ட்' என்று எழுதலாம். 'அண்ட்' வந்தால், ஆள் மாறாதவரை இரண்டாவது 'ஹீ'யை விட்டுவிடலாம். 'ஹீ ஸ்லெப்ட் பிகாஸ் வாஸ் டயர்ட்' என்று மட்டும் எழுதக் கூடாது. 'பிகாஸ்', 'ஆல்தோ' போன்றவை புதிய வாக்கியப் பகுதியைத் திறப்பவை. உள்ளே அதற்கென்று ஓர் எழுவாயும் ஒரு வினையும் வேண்டும். 'பிகாஸ் ஹீ வாஸ் டயர்ட்' என்பதே சரி.

'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்' போடுவதும், 'பிகாஸ்' போட்ட வாக்கியத்தில் 'சோ' போடுவதும் நம் மாணவர்களிடம் அடிக்கடி காணும் வழக்கம். 'மழை பெய்தாலும், ஆனால் வந்தேன்' என்று தமிழில் எழுதினால் காதில் இடிக்கிறதல்லவா? ஆங்கிலத்திலும் அப்படித்தான் இடிக்கும். இரண்டு பகுதிகளைக் கட்ட ஒரு கயிறு போதும்.

வினை ஒருமையா பன்மையா என்பதையும் சில இடங்களில் இணைப்புச் சொல்லே முடிவு செய்கிறது. சாவி மேனேஜர், சூப்பர்வைசர் இருவரிடமும் இருக்கிறது என்றால் நடுவில் 'அண்ட்' வரும், வினை 'ஹேவ்'. இருவரில் ஒருவரிடம்தான் என்று 'அல்லது' பொருளில் எழுதினால் வினை 'ஹேஸ்'. 'நானும் அண்ணனும் போனோம்' என்று சொல்லும்போது 'ஓம்' விகுதியை யாரும் யோசித்துச் சேர்ப்பதில்லை. அது தானாக வந்துவிடுகிறது. தமிழ் வினை ஒவ்வோர் ஆளுக்கும் மாறும். மலாயின் 'பெர்கி' யாருக்கும் மாறாது. ஆங்கிலம் நடுவில் நிற்கிறது. நிகழ்காலத்தில் 'ஹீ', 'ஷீ', 'இட்' வந்தால் மட்டும் வினையின் வாலில் ஓர் 'எஸ்' ஒட்டும். அந்த ஒற்றை எழுத்து விட்டுப்போவதில் ஆச்சரியமில்லை.

கடைசியாக ஒன்று, இது பெற்றோருக்கு. ஆசிரியையைப் பற்றிப் பேசும்போது நாம் மரியாதையாக 'அவர்' என்கிறோம். மலாயில் 'டியா'. இரண்டிலும் ஆண் பெண் தெரியாது. பிள்ளை பள்ளியில் வகுப்பாசிரியையை 'ஹீ' என்று எழுதி வந்தால் திட்டாதீர்கள். வீட்டில் கற்ற மரியாதையைத்தான் அது ஆங்கிலத்திலும் காட்டியிருக்கிறது. 'அவர்' என்று நினைக்கும் இடத்தில் ஒரு நொடி நின்று, 'அம்மாவா, ஐயாவா?' என்று கேட்டுக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.