புகைப்பதை விட்ட மூன்றாம் நாள் ஏன் கடினமாகிறது? நிக்கோடின் பிடியிலிருந்து மீள்வது எப்படி?

புது டெல்லி: புகைப்பழக்கத்தைக் கைவிடுவோரில் பலர் முதல் வாரத்திலேயே மீண்டும் சிகரெட்டையோ பீடியையோ கையில் எடுத்துவிடுகின்றனர். குடும்பத்தினர் இதனை மன உறுதிக் குறைவு என்கின்றனர். புகைப்பவரும் அதையே நம்புகிறார். ஆனால் அந்நாட்களில் மூளையில் நிகழும் மாற்றமே இதற்கு முக்கியக் காரணம்.

2016-17ஆம் ஆண்டு இந்தியாவில் நடத்தப்பட்ட வயது வந்தோர் புகையிலைப் பயன்பாட்டு ஆய்வின்படி, புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் அதனைக் கைவிட எண்ணியிருந்தனர். முந்தைய 12 மாதங்களில் முயன்று பார்த்தவர்கள் 38.5 சதவீதம். ஆக, விருப்பத்திற்குக் குறைவில்லை. முயன்றவர்களில் பெரும்பாலோர் எவ்வித உதவியும் இன்றித் தனியாகவே போராடினர் என்பதுதான் கவலைக்குரியது.

மூளையில் நடப்பது என்ன?

புகையை உள்ளிழுத்த சில விநாடிகளில் நிக்கோடின் மூளையை அடைந்து, இன்ப உணர்வுடன் தொடர்புடைய டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. தொடர்ந்து புகைக்கும்போது நிக்கோடினை ஏற்கும் மூளை ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. இரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இரவு முழுவதும் புகைக்காதவருக்குக் காலையில் எழுந்ததும் கை தீப்பெட்டியைத் தேடுவது இதனால்தான். விழித்த 5 நிமிடங்களுக்குள் புகைப்பவராயின் சார்பு மிகவும் வலுவானது என மருத்துவர்கள் கணிக்கின்றனர்.

புகைப்பதை நிறுத்தியதும் எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல், தூக்கமின்மை, அதிகப் பசி ஆகியவை தோன்றும். இரண்டு, மூன்றாம் நாட்களில் இவை உச்சத்தைத் தொட்டு, 3 அல்லது 4 வாரங்களில் படிப்படியாகத் தணியும். புகைக்கத் தூண்டும் வேட்கை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். தண்ணீர் அருந்துவதோ, சிறிது தூரம் நடப்பதோ, பல் துலக்குவதோ அந்த நிமிடங்களைக் கடக்கப் போதுமானது.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. புகையிலுள்ள சில வேதிப்பொருட்கள், காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீனைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கச் செய்கின்றன. புகைப்பதை நிறுத்தியதும் இந்த வேகம் குறைவதால், வழக்கமாக அருந்தும் அதே அளவு காபியே படபடப்பையும் தூக்கமின்மையையும் ஏற்படுத்தலாம். எனவே முதல் வாரங்களில் காபி, தேநீரைக் குறைப்பது நல்லது. டீக்கடையும் சிகரெட்டும் இணைபிரியாத நம் நாட்டில் இதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது.

2 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. சாதாரண சூயிங்கம் போல் அதனை இடைவிடாது மெல்லக் கூடாது. காரச் சுவை தெரியும் வரை மென்று, பின் கன்னத்தின் உட்புறம் ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை மங்கியதும் மீண்டும் மெல்லலாம். மெல்வதற்கு 15 நிமிடங்கள் முன்பு காபி, பழச்சாறு போன்றவற்றைத் தவிர்த்தால்தான் நிக்கோடின் வாயில் சரியாக உறிஞ்சப்படும். வரெனிக்லின், புப்ரோபியான் ஆகிய மாத்திரைகளை மருத்துவர் பரிந்துரையுடன் மட்டுமே உட்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் சூயிங்கத்திற்கும் மருத்துவ ஆலோசனை பெறுவது அவசியம்.

சிகரெட்டுக்கு மாற்றாகக் குட்காவையோ கைனியையோ நாடுவது தீர்வாகாது. நிக்கோடின் சார்பு அப்படியே தொடர்வதுடன், வாய்ப் புற்றுநோய் அபாயமும் சேர்கிறது. மின்னணு சிகரெட்டுகளின் விற்பனைக்கு 2019ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் தடை உள்ளது.

கைவிட விரும்புவோருக்காக 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண், டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. புகையிலைப் பொருட்களின் உறைகளில் 2018 முதல் இந்த எண் அச்சிடப்படுகிறது. எனினும், கடையில் ஒற்றை சிகரெட்டாக வாங்குவோரின் கண்ணில் அந்த உறை படுவதே இல்லை.