பாத்திரம் தேய்க்கும் மெஷினும் தண்ணீர் ரயிலும்!



ரயிலில் மனிதர்கள் போவார்கள், சரக்கு போகும். தண்ணீர் போனது தெரியுமா? 2019-ம் ஆண்டு கோடையில் சென்னை ஏரிகள் எல்லாம் வறண்டுவிட்டன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஒரு ரயில் கிளம்பியது. ஆம்பூர், காட்பாடி, சோளிங்கர், அரக்கோணம் என்று நம்ம ஊர்ப் பக்கமாகத்தான் அது சென்னை வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது!

அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோன தண்ணீர், வீட்டில் எங்கே செலவாகிறது? குடிப்பதற்குக் கொஞ்சம்தான். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்கத்தான் நிறைய! இன்று அந்தப் பாத்திரக் கணக்கைத்தான் பார்க்கப் போகிறோம்.

உடைந்த தட்டில் பிறந்த மெஷின்

இப்போது பல வீடுகளில் 'டிஷ்வாஷர்' என்ற பாத்திரம் கழுவும் மெஷின் வந்துவிட்டது. இதற்கு வழிகாட்டியவர் ஜோசபின் கோக்ரன் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவருடைய அழகான பீங்கான் தட்டுகள் கழுவும்போது உடைந்துகொண்டே இருந்தனவாம். 'நானே ஒரு மெஷின் செய்கிறேன்' என்று இறங்கிவிட்டார். 1886-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த மெஷினைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள்.

கையா? மெஷினா?

ஜெர்மனியில் உள்ள பான் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு போட்டியே வைத்தார்கள். ஏழு ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 113 பேரிடம் 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கொடுத்து, கையால் கழுவச் சொன்னார்கள். சராசரியாக 103 லிட்டர் தண்ணீர் செலவானது! அதே அளவு பாத்திரங்களுக்கு மெஷின் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 15 லிட்டர்தான்.

'அப்போ, மெஷின்தான் பெஸ்ட்டா?' என்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்! கையால் கழுவியவர்களிலும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் கொட்டும். தொட்டியில் பிடித்துக் கழுவினால் மிச்சமாகும். நம் பாட்டிமார்கள் சாம்பல், புளி, தேங்காய் நார் வைத்துத் தேய்த்து, இரண்டு அன்னக்கூடைத் தண்ணீரில் அலசி முடித்துவிடுவார்கள். அந்தத் தண்ணீரும் கொல்லையில் வாழை மரத்துக்குப் போய்விடும். வீணாகவே வீணாகாது!

கரன்ட் எங்கே போகிறது?

மெஷின் ஓடும்போது அதிக கரன்ட் குடிப்பது மோட்டார் அல்ல, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர்தான். 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 0.35 யூனிட் மின்சாரம் வேண்டும். அதில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை 38 மணி நேரம் எரியவிடலாம்! சூட்டை 50 டிகிரியோடு நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மெஷினில் உள்ள 'ஈகோ' பட்டன் இதைத்தான் செய்கிறது. குறைந்த சூட்டில், அதிக நேரம் கழுவுகிறது. நேரம் கூடினாலும் கரன்ட் குறையும்.

மெஷின் இல்லாத வீட்டுக்கும் இதில் பாடம் உண்டு. போர் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவது மோட்டார்தானே? தண்ணீரைச் சேமித்தால் கரன்ட்டும் சேமிப்புதான்.

உப்புக்கு உப்பு!

குழாயடியில், பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான் காரணம். இதற்குப் பெயர் கடினநீர். இதில் சோப்பு சரியாக நுரைக்காது. அதனால் அலசத் தண்ணீரும் கூடும். மெஷினில் இந்த உப்புகளைப் பிடித்துவைக்க ஒரு பகுதி உண்டு. அதைப் புதுப்பிக்கத்தான் டிஷ்வாஷர் உப்பு போடுகிறார்கள். போடாவிட்டால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும்.

நம் பகுதித் தண்ணீருக்கு இன்னொரு சோகக் கதையும் உண்டு. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றங்கரை நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாக அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. கெட்ட நிலத்தடி நீரைச் சீராக்குவது லேசான வேலை அல்ல. அதனால், இருக்கும் நல்ல தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் தங்கம்!

நீங்கள் என்ன செய்யலாம்?

மெஷின் உள்ள வீட்டில்:
* மிச்சச் சோற்றை வழித்துப் போட்டாலே போதும். மெஷினில் வைக்கும் முன் குழாயில் ஒருமுறை கழுவ வேண்டாம்.
* மெஷின் நிறைந்த பிறகே ஓடவிடச் சொல்லுங்கள்.
* கழுவி முடிந்ததும் கதவைத் திறந்துவைத்தால் காற்றிலேயே காய்ந்துவிடும்.
* இரும்பு தோசைக்கல்லை உள்ளே வைக்கக் கூடாது. துருப்பிடிக்கும்!

கையால் தேய்க்கும் வீட்டில்:
* சாப்பிட்ட தட்டை உடனே கொஞ்சம் தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்து ஒட்டினால் தேய்க்கவும் கஷ்டம், தண்ணீரும் அதிகம்.
* எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுத் தேய்க்கலாம்.
* சோப்பு போடும்போது குழாயை மூடுங்கள்.
* கடைசியாக அலசிய தண்ணீரைப் பிடித்துவைத்து, அடுத்த வேளைப் பாத்திரங்களை ஊறவைக்கலாம்.

வீட்டுக் கணக்கு!

ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாயடியில் வைத்து, எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 10 விநாடி என்றால், நிமிடத்துக்கு 6 லிட்டர். 10 நிமிடம் திறந்திருந்தால் 60 லிட்டர்! கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குழாய்த் தண்ணீர் தரவேண்டும் என்பதுதான் ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு. ஒருவரின் ஒரு நாள் பங்கைவிட அதிகம், பத்தே நிமிடத்தில் காலி!

இப்போது கடைசிக் கணக்கு. ஒரு வீடு தினம் 40 லிட்டர் மிச்சம் பிடித்தால், 62,500 வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் எவ்வளவு மிச்சம் பிடிக்கும்? பெருக்கிப் பாருங்கள்... 25 லட்சம் லிட்டர்! அதாவது, முழுசாக ஒரு தண்ணீர் ரயில்!

என்ன குட்டீஸ், இன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பாட்டிலும் கையுமாகக் குழாயடிக்குப் போகிறீர்கள்தானே?